குடுமியான்மலை: கல்லில் எழுதிய பாடம்

புதுக்கோட்டை மாவட்டம் என்றவுடன் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சித்தன்னவாசல்தான். பள்ளிப் பாடப்புத்தகத்தில் பார்த்த தாமரைக்குள ஓவியம் மனதில் நிற்கும். சுற்றுலா வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் திருமயம் கோட்டையிலும் ஏறி இறங்கிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அதே அன்னவாசல் வட்டாரத்தில், புதுக்கோட்டையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இன்னொரு பெரிய கிராமம் இருக்கிறது. அதன் பெயர் குடுமியான்மலை.

தூரத்தில் இருந்து பார்த்தால் வறண்ட நிலத்தின் நடுவே ஒரு கரட்டு மலை, அதன் அடிவாரத்தில் ஒரு கோபுரம், கோபுரத்தைச் சுற்றி வீடுகள். புதுக்கோட்டைச் சீமையில் இப்படிப்பட்ட ஊர்கள் நிறைய உண்டு. ஆனால் இந்த ஊரின் பாறையில் இருப்பது வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஒன்று. ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆசிரியர் தன் மாணவர்களுக்காக எழுதி வைத்த இசைப் பாடம் அது! தாளில் இல்லை, ஓலையில் இல்லை, மலைப் பாறையிலேயே உளியால் வெட்டி வைத்த பாடம்.

அந்தப் பாடத்தையும், அதைச் சுற்றி வளர்ந்த ஊரையும், அதே வட்டாரத்தில் கல் உடைத்துப் பிழைத்த பெண்கள் வெகுகாலம் கழித்துப் படித்த பாடத்தையும் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

பெயர் வந்த கதை

ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லும் கதை இது. கோயில் அர்ச்சகர் ஒருவர், சாமிக்குச் சூட்ட வேண்டிய மாலையைத் தன் மனதுக்குப் பிடித்த பெண்ணுக்குச் சூட்டிவிட்டார். எதிர்பாராத நேரத்தில் அரசன் வந்துவிட்டான். அவசரத்தில் அதே மாலையை எடுத்துச் சாமிக்குச் சூட்டி, பிறகு பிரசாதமாக அரசனிடம் கொடுத்தார் அர்ச்சகர். மாலையில் ஒரு நீண்ட தலைமுடி! "இது எப்படி வந்தது?" என்று அரசன் கேட்க, "சாமிக்குக் குடுமி உண்டு, அரசே" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். "அப்படியானால் காட்டு" என்றான் அரசன். அர்ச்சகரைக் காப்பாற்றச் சிவலிங்கத்தின் உச்சியில் குடுமி முளைத்தது. அன்றிலிருந்து சாமி குடுமியார் ஆனார், ஊரும் குடுமியான்மலை ஆனது.

சாமியின் பெயர் சிகாநாதசுவாமி. 'சிகா' என்றால் வடமொழியில் குடுமி. இன்றைக்கும் கோயிலுக்கு வருபவர்கள் லிங்கத்தின் மேல் குடுமி போன்ற புடைப்பு தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பதுண்டு.

கல்வெட்டுகளைக் கேட்டால் அவை வேறு பெயர்களைச் சொல்கின்றன. பழைய கல்வெட்டுகளில் இந்த ஊர் திருநலக்குன்றம். பிற்காலத்தில் சிகாநல்லூர் என்ற பெயரும் வழங்கியிருக்கிறது. குடுமி என்ற சொல்லுக்குத் தமிழில் உச்சி என்ற பொருளும் உண்டு. மலை உச்சியை மலைக்குடுமி என்பது பழைய வழக்கு. ஆக, மலைக்கு உரியவன் என்ற பொருளில் தோன்றிய பெயருக்குப் பிறகு ஒரு சுவையான கதை சேர்ந்திருக்கலாம். எப்படியோ, பொய் சொல்லி மாட்டிக்கொண்ட ஒருவரைக் கைவிடாத சாமி என்பதால் ஊர்மக்களுக்குக் கதைதான் பிரியம்.

மேலைக்கோயில்

பெரிய கோயிலுக்குப் பின்னால், மலையின் கிழக்குச் சரிவில் ஒரு குடைவரைக் கோயில் உள்ளது. இதை மேலைக்கோயில் என்கிறார்கள். கல்வெட்டுகளில் இதன் பெயர் திருமேற்றளி. 'தளி' என்றால் கோயில்.

குடைவரை என்றால் கல்லை அடுக்கிக் கட்டியது அல்ல. மலையைக் குடைந்து, வேண்டாத பாறையை வெட்டி எடுத்துவிட்டு, வேண்டியதை மட்டும் விட்டு வைப்பது. கருவறை, நடுவில் லிங்கம், முன் மண்டபத்தூண்கள், வாயிலின் இருபுறமும் காவலர்கள் என எல்லாமே ஒரே பாறை. ஒரு இடத்தில் உளி தவறிப்போனால் அதை ஒட்டவைக்க வழியில்லை. வாயிற்காவலர் இருவரும் ஆளுயரத்தில் கையை ஊன்றி நிற்கிறார்கள். அருகே பாறையில் வலம்புரி விநாயகரும் செதுக்கப்பட்டிருக்கிறார்.

பிற்காலக் கோயில்களில் இருப்பது போன்ற நுணுக்க வேலைப்பாடு இங்கே இல்லை. உருவங்கள் எளிமையானவை. அந்த எளிமைதான் இதன் பழமைக்கும் சாட்சி. இந்தக் குடைவரையை ஒட்டிய பாறைப் பரப்பில்தான் அந்தப் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது.

ச ரி க ம... பாறையிலே!

ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி அளவில் பாறையைச் சமப்படுத்தி, வரிசை வரிசையாக எழுத்துகளை வெட்டியிருக்கிறார்கள். எழுத்து பல்லவர் காலக் கிரந்தம். மொழி சமஸ்கிருதம். தொடக்கத்தில் சிவனுக்கு வணக்கம். அதன்பிறகு வருவதெல்லாம் சுரங்கள், சுரங்கள், சுரங்கள்!

கல்வெட்டு என்றால் பொதுவாக என்ன இருக்கும்? இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில் இன்னார் இத்தனை ஆடு கொடுத்தார், விளக்கெரிக்க நெய் அளந்தார், இதற்குத் தீங்கு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று இருக்கும். இங்கே தானமும் இல்லை, சாபமும் இல்லை. பாட்டு வாத்தியார் வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டது போல இருக்கிறது.

கல்வெட்டு ஏழு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர்: மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். இன்றைய ராகங்களுக்கு முன்னோடியான பழைய இசை வடிவங்கள் இவை. தேவாரப் பண்களின் பெயர்களைத் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்ற பண்கள் தேவாரத்திலும் உண்டு. வடமொழி இசை நூல்கள் சொன்ன இசையும் தமிழ்நாட்டுக் கோயில்களில் பாடிய இசையும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில்தான் குடியிருந்தன என்பதை இந்தப் பெயர்களே காட்டிக் கொடுக்கின்றன.

ஒவ்வொரு பகுதியிலும் சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. இன்று பாட்டு வகுப்பில் பிள்ளைகள் ச, ரி, க, ம என்று ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே எழுத்தைத்தான் படிக்கிறார்கள். இந்தக் கல்வெட்டிலோ ஒரு சுரத்துக்கே நான்கு வடிவங்கள். ச, சி, சு, சே என்றும், ர, ரி, ரு, ரே என்றும் உயிர் ஒலி மாறி மாறி வருகிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளிகளும் உள்ளன.

இதற்கு என்ன பொருள்? சுரத்தின் நுட்பமான ஏற்ற இறக்கங்களை, அதாவது சுருதி வேறுபாடுகளை இவை குறிக்கின்றன என்பது ஒரு கருத்து. வீணையை வாசிக்கும் முறையோடு தொடர்புபடுத்துவது இன்னொரு கருத்து. நூறு ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்கள் பேசியும் எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு வரவில்லை. எழுத்தைப் படித்துவிடலாம். அதைப் பாடிக் காட்டுவதுதான் கடினம்.

கல்வெட்டின் முடிவில்தான் மனதைத் தொடும் செய்தி இருக்கிறது. உருத்திராசாரியர் என்பவரின் மாணவனும் சிவபக்தனுமான ஓர் அரசன், தன் மாணவர்களின் நன்மைக்காக இந்தச் சுரங்களை அமைத்தான் என்பது அதன் பொருள். ஆசிரியரின் பெயர் இருக்கிறது. மாணவர்களைப் பற்றிய நினைவு இருக்கிறது. அரசனின் பெயர் மட்டும் இல்லை! பட்டங்களை அடுக்கித் தன் புகழைக் கல்லில் பொறிக்காத அரசர்கள் அபூர்வம். இந்த அரசன் தன்னை இன்னாரின் மாணவன் என்று சொல்லிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டான்.

வடமொழிப் பாடம் முடிந்ததும் தமிழில் ஒரு சிறு குறிப்பு. எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்ற பொருளில் ஒரே ஒரு வரி. எட்டு நரம்பு, ஏழு நரம்பு கொண்ட யாழ் அல்லது வீணையை இது குறிக்கலாம் என்கிறார்கள். பரிவாதினி என்ற சொல்லும் இங்கே காணப்படுகிறது. பரிவாதினி என்பது ஏழு நரம்புள்ள வீணை.

இந்தியாவில் நமக்குக் கிடைத்துள்ள இசைக் குறியீடுகளில் மிகப் பழமையானவற்றுள் இது ஒன்று. எழுத்தமைதியைக் கொண்டு இதை 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். சார்ங்கதேவரின் 'சங்கீத ரத்னாகரம்' எழுதப்பட்டது 13ஆம் நூற்றாண்டில். ஐரோப்பாவில் கோடுகளின் மேல் சுரங்களை எழுதும் முறையைப் பரப்பிய இத்தாலியத் துறவி கீடோ வாழ்ந்தது 11ஆம் நூற்றாண்டில். அதற்கெல்லாம் முன்பே இந்தக் கரட்டு மலையில் பாட்டு வகுப்பு நடந்திருக்கிறது!

யார் அந்த அரசன்?

இந்தக் கல்வெட்டு 1904ஆம் ஆண்டு கல்வெட்டுத் துறையினரின் கவனத்துக்கு வந்தது. பி. ஆர். பண்டார்கர் இதை ஆராய்ந்து 'எபிகிராபியா இண்டிகா' இதழின் 12ஆம் தொகுதியில் வெளியிட்டார். அதன்பிறகு யார் இந்த அரசன் என்ற கேள்வி சூடு பிடித்தது.

முதலில் எல்லோர் கையும் காட்டியது முதலாம் மகேந்திரவர்ம பல்லவனைத்தான். அவன் கலைஞன், நாடகம் எழுதியவன், குடைவரைகள் வெட்டியவன். எழுத்தும் பல்லவ கிரந்தம். பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. பல பாடப்புத்தகங்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் இன்றுவரை அவன் பெயரே இருக்கிறது.

ஆனால் கல்வெட்டில் அவன் பெயர் எங்கும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. இந்தப் பகுதி பல்லவருக்கும் பாண்டியருக்கும் இடைப்பட்ட நிலம். முத்தரையர்களும் இருக்குவேளிர்களும் ஆண்ட பூமி. இதைப் பாண்டியர் சார்பான படைப்பாகக் கருதும் அறிஞர்களும் உண்டு. 'மகேந்திரவர்மன் வெட்டியது' என்று உறுதியாக எழுதுவதைவிட, 'பெயர் சொல்லாத ஓர் அரசன் வெட்டியது' என்று எழுதுவதே கல்வெட்டுக்கு நேர்மையாக இருக்கும்.

திருமயத்தில் நடந்தது

குடுமியான்மலைக்கு ஒரு தங்கை உண்டு. திருமயத்துக் குடைவரையிலும் இதே போன்ற ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. இன்று அங்கே போய்ப் பார்த்தால் ஒரு சில எழுத்துகள்தான் மிஞ்சியுள்ளன. வெயிலும் மழையும் அதை அழிக்கவில்லை. பழைய எழுத்துகளைச் செதுக்கித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் 13ஆம் நூற்றாண்டில் வேறொரு கல்வெட்டைப் பொறித்துவிட்டார்கள்!

அப்படிச் செய்தவர்களைத் திட்டுவது எளிது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் காலத்தில் அந்தப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் போயிருக்கலாம். படிக்க ஆள் இல்லாத எழுத்து வெறும் கீறல். கீறல் விழுந்த பாறையைச் சுத்தம் செய்வதில் தவறென்ன என்று நினைத்திருப்பார்கள். குடுமியான்மலைக் கல்வெட்டு தப்பியதற்கு அதன் மேல் எழுத யாருக்கும் தேவை வராததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கல்லில் எழுதினால் நிலைக்கும் என்கிறோம். பாதிதான் உண்மை. கல்லும் வேண்டும், அதைப் படிக்க ஆளும் வேண்டும்.

பெரிய கோயில்

மேலைக்கோயிலில் இருந்து இறங்கிவந்தால் சிகாநாதசுவாமி கோயில். ஒரே காலத்தில் ஒரே அரசன் கட்டிய கோயில் அல்ல இது. சோழர், பாண்டியர், விஜயநகர நாயக்கர், அவர்களுக்குப் பின் வந்த பல்லவராயர், தொண்டைமான் எனப் பலர் கைபட்டு வளர்ந்தது. கோயில் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929ஆம் ஆண்டு வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பில் இந்த ஊரின் கல்வெட்டுகள் நிறையவே இடம்பெற்றுள்ளன.

நுழைந்தவுடன் ஆயிரங்கால் மண்டபம். உண்மையில் ஆயிரம் தூண்கள் கிடையாது. எண்ணிப் பார்க்க ஆரம்பித்து நடுவில் கணக்கை விட்டுவிட்டவர்கள் வைத்த பெயராக இருக்க வேண்டும்! முகப்புத் தூண்களில் அனுமனும், வாலி சுக்ரீவனும் நிற்கிறார்கள்.

சிற்பம் பார்க்க வருபவர்கள் நீண்ட நேரம் நிற்கும் இடம் அடுத்த மண்டபம். நாயக்கர் காலப் பாணியில் தூணை ஒட்டிய ஆளுயரச் சிற்பங்கள் அங்கே வரிசையாக உள்ளன. இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர், பத்துத் தலை இராவணன், மயில்மேல் ஆறுமுகன், வீரபத்திரர், மோகினி, ரதி, மன்மதன், பாயும் குதிரைமேல் வீரர்கள். இராவணனின் பத்துத் தலைகளையும் ஒரே கல்லில் எப்படி அடுக்கினார்கள் என்று பார்ப்பதற்கே ஒருமுறை வரலாம். நகங்கள், வளையல்கள், ஆடை மடிப்புகள் எனச் சிற்பிகள் எதையும் விட்டுவைக்கவில்லை. மேலைக்கோயிலின் எளிமையைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால், இடையில் கடந்த எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளில் சிற்பியின் கை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது புரியும். ஒரே வளாகத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடிவது இந்த ஊரின் சிறப்பு.

சாமி சந்நிதிக்கு அருகே அகிலாண்டேஸ்வரி அம்மன். இன்னொரு அம்மன் சந்நிதியும் உண்டு. அவள் சௌந்தரநாயகி, மலையம்மன், மலையமங்கை. இந்தச் சந்நிதியை எடுப்பித்தவர் அரசனோ அரசியோ அல்ல. துர்க்கையாண்டி நாச்சியின் மகள் உமையாள்வி நாச்சி என்ற தேவரடியார். பிற்காலப் பாண்டியர் காலத்தவர். கோயிலில் பணி செய்த ஒரு பெண், தன் பொருளைச் செலவழித்து அம்மனுக்குக் கோயில் எடுத்திருக்கிறார். கல்வெட்டு அவரை அவருடைய தாயின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறது. இசைப் பாடம் எழுதிய அரசனின் பெயர் நமக்குத் தெரியவில்லை. இந்த இரண்டு பெண்களின் பெயர்களோ எழுநூறு ஆண்டுகளைத் தாண்டி வந்துவிட்டன!

மலைமேல் அறுபத்து மூவர்

கோயிலுக்கு வருபவர்களில் பலர் மலைமேல் ஏறுவதில்லை. மேலைக்கோயிலுக்கு மேலே, பாறை முகட்டில் அறுபத்து மூன்று நாயன்மார்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். நடுவில் காளைமேல் சிவனும் உமையும். மற்றக் கோயில்களில் நாயன்மார்களைப் பிரகாரத்தில் தனித்தனிச் சிலைகளாகத்தான் பார்த்திருப்போம். இங்கே மலையே அவர்களுக்கு மாடம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வரிசையாக உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்ப்பது போலத் தோன்றும்.

உச்சியில் ஒரு முருகன் கோயில். அங்கிருந்து பார்த்தால் கண்மாய்களும் வயல்களும் பொட்டல்காடும் மாறி மாறித் தெரியும். மழையை நம்பிய பூமி. மழை பெய்தால் பச்சை, பொய்த்தால் செம்மண்.

பண்ணையும் கல்லூரியும்

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. குடுமியான்மலையில் அரசின் அண்ணா பண்ணை அமைந்தது. விதைப் பண்ணை, பயிற்சி நிலையம் என வேளாண்மை தொடர்பான பணிகள் அங்கே வளர்ந்தன. 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இங்கே தொடங்கப்பட்டது.

இப்போது ஊர்ப் பேருந்தில் ஏறினால் பல மாவட்டங்களைச் சேர்ந்த மாணவ மாணவியர் இருப்பார்கள். மண் பரிசோதனை, பூச்சி மேலாண்மை என்று பேசிக்கொண்டு போவார்கள். தங்கள் கல்லூரிக்குப் பக்கத்திலேயே, மாணவர்களின் நன்மைக்காக என்று ஓர் ஆசிரியர் எழுதிவைத்த பாறை இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கல் உடைத்தவர்கள் படித்த பாடம்

இந்த ஊரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கோயிலோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் இந்த வட்டாரத்தில் கல்லோடு வாழ்ந்தவர்கள் சிற்பிகள் மட்டும் அல்லர். புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும் கல்குவாரிகள் உண்டு. சம்மட்டியால் பாறையைப் பிளப்பதும், உட்கார்ந்த இடத்தில் நாள் முழுக்க ஜல்லி உடைப்பதும் பல ஏழைக் குடும்பங்களின் பிழைப்பு. அதில் பெண்கள் பாதிக்கு மேல் பாடுபட்டார்கள். குவாரியைக் குத்தகை எடுத்தவர் கொடுக்கும் முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டு, எவ்வளவு கடன், எவ்வளவு கழிந்தது என்று தெரியாமலே உழைத்தவர்கள் ஏராளம். கணக்கு எழுதியவருக்குத்தான் கணக்குத் தெரியும்!

1991ஆம் ஆண்டு இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இரவு நேரங்களில் தெருவிளக்கின் அடியிலும், கோயில் திண்ணையிலும், குவாரிப் பக்கத்து மரத்தடியிலும் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பாட்டும் நாடகமும்தான் அவர்களின் முக்கியமான கருவிகள். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்களை வகுப்புக்கு வரவழைத்ததே பாட்டுதான்.

கூடவே சைக்கிளும் வந்தது. வகுப்புக்குப் போகவும், தண்ணீர் எடுக்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். முதலில் ஊர் சிரித்தது. பிறகு பழகிவிட்டது. 1992ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் நடத்திய சைக்கிள் நிகழ்ச்சிகளில் பல ஆயிரம் பெண்கள் கலந்துகொண்டார்கள். அந்த ஆண்டே புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிறகு வட இந்தியப் பிள்ளைகளின் இந்திப் பாடப்புத்தகத்திலும் இடம் பிடித்தது. அவர் பார்த்துப் பேசிய பெண்களில் குடுமியான்மலைப் பக்கத்துக் கல்குவாரிகளில் வேலை செய்தவர்களும் உண்டு.

எழுத்தோடு நின்றுவிடவில்லை. அந்தக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குவாரிகள் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. கல் உடைத்தவர்களே குவாரியை நடத்தினார்கள். எத்தனை லோடு போனது, என்ன விலை, யாருக்கு எவ்வளவு கூலி என்று அவர்களே எழுதினார்கள். கைநாட்டு வைத்த விரல் கையெழுத்துப் போட்டது.

இந்த ஏற்பாடு நீண்ட நாள் நிலைக்கவில்லை என்பதும் உண்மை. பணபலம் உள்ளவர்கள் சும்மா இருக்கவில்லை, குவாரிகள் மறுபடியும் கைமாறின. பயிற்சி விட்டுப்போனதால் கற்ற எழுத்தை மறந்தவர்களும் உண்டு. ஆனாலும் அன்று அம்மாவை வகுப்பில் பார்த்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விடவில்லை. இன்று அந்தப் பக்கத்து ஊர்களில் சைக்கிளில் போகும் பெண்ணைப் பார்த்து யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தத் திரும்பிப் பார்க்காமைதான் அவர்கள் சம்பாதித்தது.

இரண்டு பாடங்கள்

குடுமியான்மலையில் ஒரு பாடம் கல்லில் எழுதப்பட்டது. இன்னொரு பாடம் கல் உடைத்தவர்களின் சிலேட்டில் எழுதப்பட்டது. முதலாவதை ஓர் அரசன் எழுதினான். 1300 ஆண்டுகளாக அது பாறையில் இருக்கிறது, ஆனால் பாடத் தெரிந்தவர் இல்லை. இரண்டாவது சிலேட்டிலிருந்து அன்றைக்கே அழிக்கப்பட்டது. ஆனால் அது மகள்களிடம் போய்ச் சேர்ந்தது, பேத்திகள் அதை மேலே படிக்கிறார்கள்.

எந்தப் பாடம் பெரியது என்று கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டுமே மாணவர்களின் நன்மைக்காக எழுதப்பட்டவைதான். ஆனால் கல்லை மட்டும் காப்பாற்றினால் போதாது என்பதைத் திருமயம் நமக்குச் சொல்கிறது. கல்வெட்டைச் சுற்றி வேலி போடலாம், தொல்லியல் துறை அறிவிப்புப் பலகை வைக்கலாம். அதற்கு முன்னால் நிற்கும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு, இந்த எழுத்து 'ச', இது 'ரி', இதைத்தான் நீ பாட்டு வகுப்பில் பாடுகிறாய் என்று சொல்ல ஒருவர் வேண்டும். கிரந்த எழுத்தைத் தமிழ் எழுத்தோடு ஒப்பிட்டுப் படிப்பது கடினம் இல்லை. இரண்டும் உறவுக்காரர்கள். ஒரு விடுமுறைக்காலம் போதும்.

புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் சித்தன்னவாசலோடு திரும்பிவிடாமல் ஒரு பாதி நாளைக் குடுமியான்மலைக்கு ஒதுக்கலாம். காலையிலேயே போவது நல்லது. குடைவரை கிழக்குப் பார்த்தது, இளவெயில் நேராக அந்தப் பாறையில் விழும். அந்த நேரத்தில் எழுத்துகளின் பள்ளங்களில் நிழல் தங்கி, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெரியும். வெயில் ஏறிவிட்டால் எழுத்து மங்கிவிடும், பாறையும் சுடும்.